மக்கள் திலகத்தைக் காத்த சிறுநீரகம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

எம்.ஜி.ஆர். என்னும் மூன்றெழுத்தைக் கேட்டறியாத வீடு கொங்கு நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். சுல்தான்பேட்டைக்கு அருகில் இருக்கும் எங்கள் அம்மிச்சி வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக மாட்டியிருப்பது அவருடைய படம்தான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் சிரிக்கும் அந்தப் படத்தைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் கழற்றுவார்கள். துடைத்து மறுபடியும் அதே ஆணியில் மாட்டுவது அம்மிச்சியின் வேலை. வேறு யாரும் தொடக்கூடாது.

அவருடைய வாள் வீச்சைப் பற்றியும் வள்ளல் தன்மையைப் பற்றியும் எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளைப் பற்றியும், அந்த மூன்று ஆண்டுகளை அவருக்குத் தந்த ஒரு சிறிய உறுப்பைப் பற்றியும். இதற்குக் காரணம் உண்டு. எங்கள் அப்புச்சிக்குச் சென்ற ஆண்டிலிருந்து வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருந்து, துவண்டுபோய் வீடு திரும்பும்போது, எம்.ஜி.ஆருக்கே வந்த நோய்தானே என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்வார். அதே மாதத்தில்தான் உயிரியல் வகுப்பில் சிஸ்டர் கரும்பலகை நிறைய நெஃப்ரானின் படத்தை வரைந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்திருப்பேன். அன்று அப்புச்சியின் முகம் அந்தப் படத்தின் நடுவே தெரிந்தது.

மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை கோபால மேனன், தாயார் சத்தியபாமா. நினைவு தெரியும் முன்பே தந்தையை இழந்தார். தாயார் தம் பிள்ளைகள் சக்கரபாணி, இராமச்சந்திரன் இருவருடனும் கும்பகோணத்தில் குடியேறி, பெரும் துன்பத்தோடு அவர்களை வளர்த்தார். ஆனையடிப் பள்ளியில் சில ஆண்டுகள்தான் படிக்க முடிந்தது. பசி பெரிதாக இருந்தபடியால் அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே சாப்பாடு உண்டு, பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொடுப்பார்கள். பெற்ற தாயைப் பிரிந்து அந்த வயதில் ஊர் ஊராகப் போவது எப்படி இருந்திருக்கும் என்று விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

1936இல் ‘சதி லீலாவதி’ என்ற படத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடம் கிடைத்தது. அதுவே முதல் படம். அந்தப் பெயரைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும். அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் சின்னச் சின்ன வேடங்கள்தாம். கதாநாயகனாக அவர் முதன்முதலில் நின்றது நம் கோயமுத்தூரில். சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனத்தார் எடுத்த ‘ராஜகுமாரி’ 1947இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’ வந்தது. 1954இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய ‘மலைக்கள்ளன்’ வந்தது. அந்தக் கதையை எழுதியவர் நாமக்கல் கவிஞர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே. கோவை இராமநாதபுரத்துச் சாண்டோ சின்னப்பா தேவர் 1956இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ தொடங்கிப் பதினைந்துக்கும் மேற்பட்ட படங்களை அவரை வைத்தே எடுத்தார். ஆகையால் எம்.ஜி.ஆர். சென்னையில் வாழ்ந்தாலும் அவருடைய புகழுக்கு வித்து விழுந்த மண் நம்முடையது என்று எங்கள் அப்புச்சி பெருமை பேசுவதில் தவறில்லை.

உடற்பயிற்சியை விடாதவர் அவர். திரையில் புகைப்பதையும் குடிப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தார். ஆனால் அவருடைய உடம்பு பட்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. 1959இல் சீர்காழியில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது கால் முறிந்தது. 1967 ஜனவரி 12ஆம் நாள் சக நடிகர் எம்.ஆர். ராதாவால் சுடப்பட்டுக் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் குரல் பழைய குரலாக இல்லை. அந்த ஆண்டு பொதுத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் அவர் வாக்குக் கேட்டு வீதியில் இறங்கவே முடியவில்லை. மருத்துவமனையில் கட்டுப்போட்டுப் படுத்திருந்த படம்தான் சுவர்களில் ஒட்டப்பட்டது. வென்றார்.

1972 அக்டோபர் 17இல் தனிக்கட்சி தொடங்கியதையும், 1977 ஜூன் 30இல் முதலமைச்சரானதையும் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அரசியலை நான் விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1982 ஜூலை முதல் நாள் திருச்சிக்கு அருகில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசிக்காகப் பள்ளியை விட்ட சிறுவன் பசிக்காகவே பள்ளிக்கு வருமாறு பிள்ளைகளை அழைத்தான் என்று எனக்குத் தோன்றும். எங்கள் அம்மாவும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்தாம். நம் ஊரின் பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் அமைந்ததும், கொடைக்கானலில் அன்னை தெரசாவின் பெயரில் மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் தோன்றியதும் அவருடைய ஆட்சியில்தான்.

அந்த 1984ஆம் ஆண்டில்தான் இடி விழுந்தது. அக்டோபர் 5ஆம் நாள் இரவு அவர் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. நீரிழிவு நோய் அவருக்கு இருந்தது. தொடர்ந்து இதயத்திலும் பாதிப்பு ஏற்பட்டது. பின் மூளையில் பக்கவாதம் தாக்கிப் பேச்சு நின்றது. பிரதமர் இந்திரா காந்தி சென்னைக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுச் சென்றார். அதே மாதம் 31ஆம் நாள் இந்திரா காந்தியே கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் கோயில், மாதா கோவில், பள்ளிவாசல் எங்கும் எம்.ஜி.ஆருக்காக வேண்டுதல். அவருடைய ‘ஒளி விளக்கு’ படத்தில், உயிருக்குப் போராடும் கதாநாயகனுக்காக ஒரு பெண் இறைவனை வேண்டிப் பாடும் பாட்டு வரும். அந்தப் பாட்டைத் தியேட்டர்களில் தனியே போட்டார்கள், மக்கள் எழுந்து நின்று அழுதார்கள் என்று அம்மிச்சி சொல்லியிருக்கிறார். அன்பு மிகுந்து சிலர் தம்மைத் தாமே வருத்திக்கொண்டதாகவும் படித்தேன். நோயாளியைக் காக்க அது எந்த வகையில் உதவும் என்று எனக்கு விளங்கவில்லை.

நவம்பர் 5ஆம் நாள் தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் சேர்த்தார்கள்.

இனி கதையைச் சற்றே நிறுத்தி, சிறுநீரகம் செயலிழந்தால் ஏன் உடம்பு முழுவதுமே ஆட்டம் காண்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். சிறுநீரை வெளியேற்றும் உறுப்பு என்று மட்டும் நினைத்திருந்தவள் நானும். அது பாதி உண்மை.

ஒரு சிறுநீரகம் நம் கைமுட்டி அளவுதான் இருக்கும். எடை ஏறத்தாழ 150 கிராம். அதற்குள் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறுநீரகங்களுக்கே போகிறது. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நூற்கண்டு போலச் சுருண்டிருக்கும். அதற்குக் குளோமரூலஸ் என்று பெயர். 1666இல் இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர் மால்பிகி நுண்ணோக்கி வைத்துப் பார்த்து இந்த உருண்டைகளைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில் பாப்பரசர் 12ஆம் இன்னொசென்டுக்கு மருத்துவராக இருந்தவரும் இவரே.

குளோமரூலஸுக்கு இரத்தம் வர ஒரு நுண்தமனி, வெளியேற ஒரு நுண்தமனி. சுருளின் சல்லடை வழியாக ஒரு நாளில் 180 லிட்டர் நீர் வடிகிறது! அவ்வளவும் வெளியே போனால் நாம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கமாட்டோம். வடிந்த நீர் நெடிய நுண்குழல் வழியாக ஓடும்போது உப்பும் சர்க்கரையும் நீரும் மீண்டும் இரத்தத்துக்கே திருப்பப்படுகின்றன. கடைசியில் மிஞ்சுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். அதுவே சிறுநீர்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. சிஸ்டர் அன்று படத்தின் ஓரத்தில் வரைந்து காட்டிய இடம்தான் என்னைக் கவர்ந்தது. அந்த நுண்குழல் வளைந்து இறங்கி ஏறி, மறுபடியும் தான் புறப்பட்ட அதே குளோமரூலஸின் வாசலுக்கு வந்து, இரண்டு நுண்தமனிகளுக்கும் நடுவே உரசிக்கொண்டு போகிறது. தற்செயலாக அல்ல, பத்து லட்சம் நெஃப்ரானிலும் அப்படியே.

எங்கள் அம்மிச்சி ஊருக்குப் பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் வருகிறது. மதகைத் திறந்து மூடுபவர் லஸ்கர். கடைமடையில் தண்ணீர் போதவில்லை என்றால் ஆள் அனுப்பி அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லி வருவதற்குள் பயிர் வாடிவிடும், சண்டையும் வந்துவிடும். வாய்க்காலே வயலையெல்லாம் சுற்றிவிட்டுத் தன் மதகடிக்கே திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? லஸ்கர் கையை நனைத்துப் பார்த்தே மதகைச் சரிசெய்யலாம் அல்லவா? சிறுநீரகத்தில் அந்த ஏற்பாடுதான் இருக்கிறது. குழலின் சுவரில் அந்த இடத்தில் மட்டும் செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. மாகுலா டென்சா என்பது அவற்றின் பெயர். ஓடிவரும் நீரில் உப்பு எவ்வளவு என்று அவை பார்க்கின்றன. உப்பு மிகுதியாக வந்தால், வடிகட்டல் அளவுக்கு மேல் நடக்கிறது என்று பொருள். உடனே உள்வரும் நுண்தமனி சுருங்குகிறது. குறைவாக வந்தால் அது விரிகிறது.

அந்த நுண்தமனியின் சுவரில் இன்னொரு வகைச் செல்கள் மணிமணியாக ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதுதான் ரெனின். 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து சாறெடுத்து வேறு முயலுக்குச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் உயர்ந்ததைக் கண்டு இப்பெயர் வைத்தார்கள். இந்தச் செல்கள் எங்கே, எப்படி இருக்கின்றன என்பதை 1930களில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் பேராசிரியர் கூர்மாக்டிக் முதலியவர்கள் ஆராய்ந்தார்கள். குளோமரூலஸின் வாசலில் இருக்கும் இந்தக் காவல் நிலையம் முழுவதற்கும் ஜக்ஸ்டா குளோமரூலர் அமைப்பு என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது. வேலை எளிதாக விளங்கும்.

இரத்த அழுத்தம் இறங்கினாலோ, உப்புக் குறைந்துவிட்டது என்று மாகுலா டென்சா சொன்னாலோ, ரெனின் இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் தரும் ஒரு புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு நுரையீரலைக் கடக்கும்போது இன்னொரு முறை வெட்டப்பட்டு ஆஞ்சியோடென்சின் ஆகிறது. அது இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. அட்ரீனல் சுரப்பியை எழுப்பி, அல்டோஸ்டிரோன் வழியாக உப்பையும் நீரையும் தேக்கச் சொல்கிறது. அழுத்தம் ஏறுகிறது. மாகுலா டென்சாவுக்குப் போதிய உப்பு வந்ததும் ரெனின் நின்றுவிடுகிறது. வெயிலில் விளையாட்டு விழா நாளன்று வேர்த்து விறுவிறுத்து ஓடியும் நாம் மயங்கி விழாமல் நிற்பதில் இந்தச் சின்னஞ்சிறு காவலருக்கும் பங்கு உண்டு.

நீரிழிவு இந்தக் காவலரை ஏமாற்றுகிறது. இதை அறிந்தபோதுதான் எனக்கு அப்புச்சியின் நோய் விளங்கியது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வடிந்த நீரிலும் சர்க்கரை மிகும். நுண்குழலின் முதல் பகுதி அதைத் திருப்பி இழுக்கும்போது, கூடவே உப்பையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. ஆகவே மதகடிக்கு வந்து சேரும் நீரில் உப்புக் குறைவு. காவலர் என்ன நினைப்பார்? தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மதகை இன்னும் திறந்துவிடுவார். உள்ளே தேவைக்கு மேல் வெள்ளம் பாய்கிறது. ஆஞ்சியோடென்சின் வெளிவாசலை இறுக்கி வைத்திருந்தால் அழுத்தம் இரட்டிப்பாகும். பல ஆண்டுகள் இப்படியே நடந்தால் சல்லடை கிழிகிறது, புரதம் ஒழுகுகிறது, ஒவ்வொரு நெஃப்ரானாகச் சாகிறது. மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் செத்தவற்றின் சுமையையும் தூக்கித் தாமும் சாகின்றன. இவ்வளவு நடந்தும் வலி கிடையாது. எங்கள் அப்புச்சி தோட்டத்தில் கடைசி வரை மண்வெட்டி பிடித்தவர். கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனார். சிறுநீரில் நுரை கண்டதை அதற்கு முன்பே கவனித்திருந்தாராம். யாரிடமும் சொல்லவில்லை.

சிறுநீரகம் கெட்டால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் மேலும் கெடும். இதயமும் மூளையும் அந்த அழுத்தத்தின் அடியைத் தாங்க வேண்டியவை. எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம், இதயம், மூளை என ஒன்றன்பின் ஒன்றாக வந்ததைப் படித்தபோது மூன்று தனித்தனி நோய்கள் என்று நினைத்தேன். மூன்றையும் ஒரே இரத்தக் குழாய் வலை இணைக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து இழுபடுவதைத் தடுத்துக் காவலருக்கு உண்மை நிலையைக் காட்டும் மாத்திரைகள் இப்போது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. 1984இல் அவை இல்லை.

அன்று இருந்த வழிகள் இரண்டு. ஒன்று டயாலிசிஸ். இயந்திரம் கழிவை எடுத்துவிடும், மிகுந்த நீரையும் எடுத்துவிடும். ஆனால் வாரத்தில் சில மணி நேரம்தான். நொடிக்கு நொடி உப்பைப் பார்த்து மதகைத் திருத்தும் காவலர் அந்த இயந்திரத்தில் இல்லை. இயந்திரத்திலிருந்து எழுந்ததும் அப்புச்சிக்குத் தலை சுற்றுவதும், இரண்டு நாள் இடைவெளியில் மூச்சு வாங்குவதும் ஏன் என்பது இப்போது தெரிகிறது. மற்றொன்று மாற்றுச் சிறுநீரகம். 1954 டிசம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே இரட்டைப் பிறவிகளில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து வெற்றி கண்டார். 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெற்றிகரமாகச் செய்தார்கள்.

எம்.ஜி.ஆருக்கு யார் கொடுப்பது? அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இரத்த உறவில் பொருந்த வேண்டும். கும்பகோணத்தில் கைபிடித்து நடந்த அண்ணன் சக்கரபாணியின் மகள் முன்வந்தார். எம்.ஜி.ஆர். அவருக்குச் சித்தப்பா முறை. அந்தப் பெண்ணின் பெயர் லீலாவதி. ‘சதி லீலாவதி’யில் தொடங்கிய வாழ்க்கையை மீட்டுக் கொடுத்தவர் பெயரும் லீலாவதியாக அமைந்ததை எந்தக் கதாசிரியர் எழுதினாலும் நாம் நம்பமாட்டோம். எத்தனையோ படங்களில் ஆபத்தில் சிக்கிய பெண்களைக் கயிற்றைப் பிடித்துத் தாவி வந்து காப்பாற்றியவர் அவர். நிஜத்தில் அவரைக் காப்பாற்ற ஒரு பெண் கடல் கடந்து போய் ஆபரேஷன் மேசையில் படுத்தார். அதில் சண்டைக் காட்சி இல்லை, கைதட்டலும் இல்லை.

1984 டிசம்பரில் அறுவை நடந்தது. டாக்டர் எலி ஃப்ரீட்மன் என்ற சிறுநீரக நிபுணர் அவருடைய சிகிச்சையைக் கவனித்தவர்களில் முக்கியமானவர். இத்தகைய அறுவையில் புதிய சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களோடு தைப்பார்கள். சிறுநீர்க் குழாயைப் பையோடு இணைப்பார்கள். நரம்புகளைச் சேர்த்துத் தைக்க முடியாது. ஆனாலும் சிறுநீரகம் வேலை செய்கிறது! மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், ஒவ்வொரு மதகடியிலும் காவலர் தம் வேலையைத் தாமே தொடங்கிவிடுகிறார். கொடுத்தவரின் உடம்பில் உப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அதே செல்கள் பெற்றவரின் உடம்பில் உப்பைப் பார்க்கத் தொடங்குகின்றன. இதைப் படித்த இரவு எனக்கு வெகு நேரம் உறக்கம் வரவில்லை. கொடுத்தவரிடம் மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகமோ சற்றுப் பெருத்து, போன துணையின் வேலையில் பெரும் பகுதியை ஏற்றுக்கொள்கிறது.

டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். ஆண்டிப்பட்டித் தொகுதியின் வேட்பாளர் புரூக்ளினில் படுக்கையில் இருந்தார். அவர் எழுந்து அமர்வதையும் உணவு உண்பதையும் வீடியோவில் பிடித்து ஊர் ஊராகக் காட்டினார்கள். 1967இல் நடந்ததே மறுபடியும் நடந்தது. மருத்துவமனையிலிருந்தே வென்றார். 1985 பிப்ரவரி 4ஆம் நாள் சென்னை திரும்பி, 10ஆம் நாள் மூன்றாம் முறையாக முதலமைச்சர் பதவி ஏற்றார்.

பேச்சு மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. மேடையில் முழங்கிய மனிதர் ஓரிரு சொற்களுக்குத் தடுமாறினார். புதிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருள் என்று தள்ளிவிடாமல் இருக்க, மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் தினமும் மருந்து உட்கொள்ள வேண்டும். அந்த மருந்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும். எனவே காய்ச்சல், சளி எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டும். அத்தனைக்கும் நடுவில் ஆட்சிப் பொறுப்பில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்தார். 1987 டிசம்பர் 24ஆம் நாள் அதிகாலையில் இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் உயிர் பிரிந்தது. தேர்தல் நடந்த அதே தேதி. மறுநாள் கிறிஸ்துமஸ் அன்று மெரினா கடற்கரையில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு நம் ஊரில் பலர் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை என்று அம்மிச்சி சொல்வார். 1988இல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

ஒரு செய்தியை இங்கே விட்டுவிட மனம் இல்லை. 1994இல் இந்தியாவில் உறுப்பு மாற்றுக்குச் சட்டம் வந்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். அப்படியிருந்தும் நம் கொங்குப் பகுதியிலேயே கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் பணத்துக்காகச் சிறுநீரகம் கொடுத்த செய்தி 2025இல் நாளிதழ்களில் வந்தது. அப்புச்சி அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கும் யாரிடமாவது பணம் கொடுத்து வாங்கலாம் என்று ஊரில் ஒருவர் யோசனை சொன்னாராம். அப்புச்சி அவரை அதற்குப் பின் வீட்டுக்குள் அழைக்கவில்லை. எங்கள் பெரியம்மா தம்முடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டை யாருக்கும் காட்டாமல் பீரோவில் வைத்திருக்கிறார். அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்புச்சிக்குத் தெரியாது. மகளிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒப்பமாட்டார் என்று பயம்.

லீலாவதி அம்மையார் தம் சித்தப்பாவுக்குக் கொடுத்தது போக மீதமிருந்த ஒரே சிறுநீரகத்தோடு வாழ்ந்தார். எத்தனை ஆண்டுகள் என்று அப்புச்சி என்னைக் கேட்டபோது கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் காலமானது 2021 நவம்பரில். முப்பத்தேழு ஆண்டுகளுக்குச் சில வாரங்களே குறைவு. அப்புச்சி ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியம்மா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார்.